‘நான்தான் சொன்னேனே!’ என்ற சண்டை வராமல் ஒரு வார்டை நடத்துவது எப்படி

காலை ஏழு மணி. நைட் டூட்டி சிஸ்டருக்கு வீட்டுக்குக் கிளம்பும் அவசரம். டே டூட்டி சிஸ்டர் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து வந்து, இப்போதுதான் பையை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கிறார். ஒரு கன்சல்டண்ட் ஆறரைக்கே வந்து ரவுண்ட்ஸை முடித்துவிட்டு அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார், இன்னொருவர் பதினொன்றுக்கு மேல்தான் வருவார், டூட்டி டாக்டர் மாறுவது எட்டு மணிக்கு. இந்த ஒரு மணி நேரத்துக்குள் முப்பது பேஷண்ட்டின் சங்கதி ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்கு மாற வேண்டும். மாறுவது பாதி, வழியில் சிந்துவது பாதி.

நான் பத்தொன்பது வருஷமாக நர்ஸ். இப்போது வடசென்னையில் தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வார்டு இன்சார்ஜ். புதிதாகச் சேரும் நர்ஸ்களுக்கும் டூட்டி டாக்டர்களுக்கும் நான் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரிய கார்ப்பரேட் ஆஸ்பத்திரிகளில் இதற்கெல்லாம் சாஃப்ட்வேர் இருக்கும். நம் மாதிரி நூறு படுக்கை இடத்தில் பேனா, பேப்பர், போன், வாய். அதை வைத்துக்கொண்டே செய்யலாம், செய்கிறோம்.

முதலில் என் கதை. முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், கிட்னி பிரச்சினை உள்ள ஒரு பெரியவருக்கு விடியற்காலை 5.40-க்கு லேபிலிருந்து போன் வந்தது: பொட்டாசியம் 6.4, இதயத் துடிப்பையே குலைக்கக்கூடிய அளவு. போனை எடுத்த நான் கையில் கிடைத்த கிளவுஸ் பெட்டியின் மேல் அதைக் கிறுக்கி வைத்தேன். ஏழு மணிக்கு டூட்டி ஒப்படைக்கும்போது ‘அஞ்சாம் பெட்டுக்கு லேப்ல இருந்து போன் பண்ணாங்க, பொட்டாசியம் அதிகம்’ என்று சொன்னேன். வாங்கிக்கொண்ட சிஸ்டர், டாக்டருக்கு நான் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார். நானோ, அவர் சொல்லிக்கொள்வார் என்று நினைத்து வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டேன். டாக்டருக்குத் தெரிந்தது 10.30-க்கு. இசிஜி எடுத்து, கால்சியம் குளுக்கோனேட் போட்டு, இன்சுலினும் டெக்ஸ்ட்ரோஸும் ஏற்றி, அவர் பிழைத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் நடந்த விசாரணையில் நான் ‘நான்தான் சொன்னேனே!’ என்றேன், அவர் ‘டாக்டருக்கு நீங்க சொல்லிட்டீங்கன்னு நெனச்சேன்’ என்றார். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான், அதுதான் கொடுமை.

அந்தப் பெரியவர் விஷயத்தில் எண் தவறவில்லை, பெட் தவறவில்லை. ‘டாக்டருக்குச் சொல்வது யார், எத்தனை மணிக்குள்’ என்ற ஒன்றுதான் விழுந்துபோனது. கீழே நான் சொல்லும் எல்லா ஏற்பாடும் அந்த ஒன்றைப் பிடித்து வைக்கத்தான்.

ஒரு தாள் போதும்

டூட்டி மாறும்போது கேஸ் ஷீட்டைப் புரட்டிப் புரட்டிப் படித்துக் காட்டாதீர்கள். முன்பக்கம் பின்பக்கம் சேர்த்து ஒரே தாளில் வார்டு முழுக்க அடங்க வேண்டும். நாங்கள் வைத்திருக்கும் கட்டங்கள் இவை: பெட் நம்பர், பெயர், வயது, ஐ.பி. நம்பரின் (அட்மிஷன் எண்) கடைசி நான்கு இலக்கம், என்ன நோய் என்று ஒரே வரி, அலர்ஜி, இந்த ஷிஃப்ட்டில் முடிக்க வேண்டிய வேலை, எத்தனை மணிக்குள், யார், கடைசியாக ‘இப்படி ஆனால் இதைச் செய்’ என்று ஒரு கட்டம். ஐ.பி. நம்பர் எதற்கு என்று கேட்கிறார்கள். ஒரே வாரத்தில் மூன்று லட்சுமி, இரண்டு முருகன் அட்மிட் ஆகிற ஊர் இது. பெயரோடு இன்னோர் அடையாளம் இல்லாமல் ரத்தப் பாட்டிலைத் தொடவே கூடாது. பெட் நம்பர் அடையாளம் ஆகாது, பேஷண்ட்டை ஜன்னல் பக்கம் மாற்றினால் அதுவும் மாறிவிடும்.

ஒப்படைக்கும்போது பெட் ஒன்றிலிருந்து தொடங்குவதுதான் எல்லோருக்கும் பழக்கம். அதை விட்டுவிடுங்கள். முதல் பெட்டில் இன்று டிஸ்சார்ஜ் ஆகப்போகிற தாத்தாவின் கதையை ஐந்து நிமிஷம் சொல்லிவிட்டு, இருபத்திரண்டில் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவருக்கு வரும்போது கேட்பவர் களைத்திருப்பார், சொல்பவர் வாட்சைப் பார்ப்பார். மோசமாக இருப்பவர் முதலில், அப்புறம் மோசமாகலாம் என்று நீங்கள் பயப்படுகிறவர், பிறகு மற்றவர்கள். மோசமானவருக்கு இரண்டு மூன்று நிமிஷம் தாராளமாக எடுங்கள். நன்றாக இருப்பவருக்கு இருபது வினாடி போதும்.

இதற்கு ஐ-பாஸ் என்று ஒரு முறை இருக்கிறது. அமெரிக்கா, கனடாவில் ஒன்பது குழந்தைகள் மருத்துவப் பிரிவுகளில் செய்து பார்த்து 2014-இல் வெளியிட்டார்கள். 10,740 அட்மிஷன்களைப் பார்த்ததில் தவறுகள் 23 சதவீதம் குறைந்தன, தடுத்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதம் குறைந்தன, ஒப்படைக்கிற நேரம் கூடவில்லை. அதில் ஐந்து படி: எவ்வளவு மோசம், சுருக்கமான கதை, செய்ய வேண்டிய வேலை, என்ன ஆகலாம், அப்படி ஆனால் என்ன செய்வது, வாங்கியவர் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்வது. முதல் மூன்றை எல்லோரும் ஏதோ ஒரு மாதிரி செய்துவிடுகிறோம். நான்காவதும் ஐந்தாவதும்தான் நம் ஊரில் கிடையவே கிடையாது. கேட்பவர் ‘ம்… ம்… சரி சிஸ்டர்’ என்று தலையாட்டினால் முடிந்தது என்று நினைக்கிறோம்.

நான்காவது எப்படி என்றால்: ‘பெட் 14, ராத்திரி யூரின் மணிக்கு 20 மில்லிதான் வந்திருக்கு, ஒன்பது மணி வரைக்கும் பாருங்க, அப்பவும் 30-க்கு மேல வரலைன்னா டூட்டி டாக்டரைக் கூப்பிடுங்க, கத்தீட்டர் மடங்கியிருக்கான்னு மொதல்ல பாத்துடுங்க.’ இதில் எண் இருக்கிறது, மணி இருக்கிறது, யாரைக் கூப்பிட வேண்டும் என்பது இருக்கிறது. ‘யூரின் கம்மியா இருக்கு, கொஞ்சம் பாத்துக்கோங்க’ என்பதில் எதுவுமே இல்லை. ‘பாத்துக்கோங்க’ என்ற சொல்லை எங்கள் வார்டில் நான் தடை செய்துவிட்டேன், மீறினால் டீ வாங்கித் தர வேண்டும். நானே மூன்று தடவை வாங்கித் தந்திருக்கிறேன்.

ஐந்தாவதுக்கு வாங்குபவர் முழுக் கதையையும் ஒப்பிக்க வேண்டாம். ‘சரி, மோசம் மூணு பேர், 14, 22, 9. பதினாலுக்கு ஒன்பது மணி யூரின் நான் பாக்கறேன். இருபத்திரண்டுக்கு பத்து மணி ஏபிஜி ரத்த டெஸ்ட். ஒன்பதுக்கு ரத்தம் ரெண்டு யூனிட், ஒண்ணு போயாச்சு, இன்னொண்ணு நான் வாங்கி ஏத்தணும்.’ அரை நிமிஷம். இதைச் சொல்லும்போதுதான் ‘ஐயோ இல்ல, ரெண்டு யூனிட்டும் போயாச்சு’ என்று மறுபக்கத்திலிருந்து வரும்.

உட்கார்ந்து பேசியது போதாது, இரண்டு பேரும் நடந்து போய்ப் பெட் பெட்டாகக் கண்ணால் பார்க்க வேண்டும். ட்ரிப் எவ்வளவு மிச்சம், சிரிஞ்ச் பம்ப்பில் எந்த ரேட், கழிவு வடிகிற ட்ரெயின் குழாயில் என்ன நிறம், ஊசி போட்ட இடம் வீங்கியிருக்கிறதா. தாளில் ‘பம்ப் 4 மில்லி’ என்று இருக்கும், மிஷினில் 6 ஓடிக்கொண்டிருக்கும். ஒரு எச்சரிக்கை: எச்.ஐ.வி., டி.பி., கல்யாணமாகாத பெண்ணின் கர்ப்பம், விஷம் குடித்தது, இதெல்லாம் பெட் பக்கத்தில் நின்று பேசக் கூடாத விஷயம். பக்கத்து பெட் அட்டெண்டர் (பேஷண்ட்டோடு கூட இருப்பவர்) காசிமேட்டில் அடுத்த தெருவாக இருப்பார், மத்தியானத்துக்குள் சேதி ஊரைச் சுற்றி வந்துவிடும். அதை நர்ஸ் ஸ்டேஷனிலேயே முடித்துவிட்டு நடங்கள்.

ராத்திரி இரண்டு மணிக்கு டாக்டரை எழுப்புவது

புது நர்ஸ்களுக்கு இருக்கிற பெரிய பயம் இதுதான். பயத்தில் என்ன பேசுகிறோம் என்றால்: ‘டாக்டர், பத்தாம் பெட் ஒரு மாதிரி இருக்கார், சாயங்காலத்துல இருந்தே சரியில்ல, அட்டெண்டர் வேற சத்தம் போடறாங்க, பிபி கொஞ்சம் லோ…’ தூக்கத்தில் இருக்கிற டாக்டர் ‘சரி, ஃப்ளூயிட் போடுங்க’ என்று வைத்துவிடுவார். அவர் மேல் தப்பில்லை. நாம் அவருக்குக் கொடுத்தது அவ்வளவுதான்.

போனைத் தொடும் முன் நான்கு விஷயம் கையில் இருக்க வேண்டும். இப்போது என்ன நடக்கிறது, பின்கதை என்ன, நீங்கள் பார்த்தது என்ன, உங்களுக்கு என்ன வேண்டும். எஸ்பார் என்று சொல்வார்கள். அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலில் பேசுகிற முறையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தது. நீர்மூழ்கியில் இளநிலை ஆள் கேப்டனிடம் பேசுவதும், நம் வார்டில் ஜூனியர் சிஸ்டர் சீஃபிடம் பேசுவதும் கிட்டத்தட்ட ஒரே நிலைமைதான் போலிருக்கிறது.

அதே பத்தாம் பெட்டை இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

‘டாக்டர், ஆண்கள் வார்டு சிஸ்டர் பேசறேன். பெட் 10, 62 வயசு, மூச்சுத் திணறல் அதிகமாயிடுச்சு, அதுக்குத்தான் கூப்பிடறேன். நேத்து நிமோனியான்னு அட்மிஷன், சுகர் பேஷண்ட், ஆன்டிபயாடிக் ரெண்டு டோஸ் போயிருக்கு. இப்ப ரெஸ்பிரேஷன் 28, ஆக்சிஜன் இல்லாம சாச்சுரேஷன் 88, பல்ஸ் 118, பிபி 96க்கு 60, ஜுரம் 101, நினைவு நல்லா இருக்கு. நியூஸ் ஸ்கோர் 11. செப்சிஸ்னு பயமா இருக்கு. நீங்க உடனே வந்து பாக்கணும். ஆக்சிஜன் ஆரம்பிச்சுட்டேன், இன்னொரு லைனும் போட்டு வைக்கட்டுமா?’

(செப்சிஸ் என்றால் கிருமித் தொற்று உடம்பு முழுக்கத் தாக்கும் அபாய நிலை.) மெதுவாகச் சொன்னாலும் ஒரு நிமிஷம் ஆகாது. இதைக் கேட்டபிறகு யாரும் திரும்பிப் படுக்க மாட்டார்கள்.

அதில் வந்த நியூஸ் ஸ்கோரைப் பற்றி ஒரு வார்த்தை. பேஷண்ட் மோசமாவதை முன்கூட்டியே காட்டும் மார்க் அது. இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்தியது. மூச்சு எண்ணிக்கை, சாச்சுரேஷன், ஆக்சிஜன் கொடுக்கிறோமா, மேல் பிபி, பல்ஸ், நினைவு, ஜுரம், ஏழுக்கும் மார்க் போட்டுக் கூட்ட வேண்டும். மேலே சொன்னவருக்கு மூச்சுக்கு 3, சாச்சுரேஷனுக்கு 3, பிபிக்கு 2, பல்ஸுக்கு 2, ஜுரத்துக்கு 1, ஆக 11. ஐந்து வந்தாலே டாக்டர் சீக்கிரம் பார்க்க வேண்டும், ஏழு வந்தால் அவசரம். எனக்கு இதில் பிடித்தது, ‘ஒரு மாதிரி இருக்கார்’ என்று தயங்குகிற இருபத்திரண்டு வயசுப் பெண்ணின் கையில் ஓர் எண்ணைக் கொடுத்துவிடுகிறது. ‘உனக்கு என்ன தெரியும்’ என்று அவளைக் கேட்கலாம், பதினொன்றை அப்படிக் கேட்க முடியாது. ஒன்று மட்டும் கவனியுங்கள். மூச்சை முப்பது வினாடியாவது பார்த்து எண்ண வேண்டும். சார்ட்டில் எல்லோருக்கும் 20 என்று எழுதிவைக்கிற பழக்கம் இருக்கும் வரை எந்த ஸ்கோரும் உதவாது.

டாக்டர் வரவில்லை, அல்லது சொன்னதை மறுக்கிறார், உங்களுக்கு மனசு கேட்கவில்லை என்றால் இன்னொரு தடவை வேறு வார்த்தையில் சொல்லுங்கள்: ‘டாக்டர், எனக்கு இது சரியாப் படல, பேஷண்ட்டுக்கு ஆபத்துன்னு தோணுது.’ அப்போதும் இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிடுங்கள். அந்த அடுத்த ஆள் யார் என்று போனுக்குப் பக்கத்தில் சுவரில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். ‘மேல போயிட்டியா’ என்று மறுநாள் சிலர் முறைப்பார்கள். முறைக்கட்டும், அதற்குப் பதில் சொல்ல வேண்டியது இன்சார்ஜ். என் வார்டில் நான்.

போனில் வரும் ஆர்டரும் எண்களும்

போன் ஆர்டர் எடுக்கும்போது கேட்கக் கேட்க எழுதுங்கள், எழுதியதைப் படித்துக் காட்டுங்கள், ‘ஆமாம்’ என்று வாங்குங்கள். தேதி, மணி, சொன்னவர் பெயர், உங்கள் கையெழுத்து. டாக்டர் அடுத்து வரும்போது அதில் கையெழுத்துப் போட வேண்டும், போடாமல் போனால் விடாதீர்கள். லேப் அவசர ரிசல்ட்டுக்கும் இதே கதைதான், கூடவே இரண்டு வரி: டாக்டருக்குச் சொன்ன நேரம், அவர் என்ன சொன்னார். எங்கள் ஸ்டேஷனில் சிவப்பு அட்டை போட்ட ஒரே நோட்டு இதற்கென்று கயிற்றில் கட்டித் தொங்குகிறது. கிளவுஸ் பெட்டிகளை நான் ஸ்டேஷனிலிருந்தே தூக்கிவிட்டேன்.

எண்களில் நம் மொழிக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. எண்பது, எண்ணூறு. எழுபது, எழுநூறு. தொண்ணூறு, தொள்ளாயிரம். வெளியே லாரி ஹாரன், உள்ளே மானிட்டர் சத்தம், போனில் சிக்னல் பாதி. இதில் எண்பதா எண்ணூறா என்று யாருக்குத் தெரியும்? இங்கிலீஷில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் அதே வம்பு. இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள்: ‘எட்டு, சைபர். எண்பது.’ சிரிப்பாக இருக்கும், பழகிவிடும்.

எழுதும்போது இன்சுலின் ‘யூனிட்’டை முழுசாக எழுதுங்கள். இங்கிலீஷ் ‘யூ’ எழுத்தை மட்டும் போட்டால் அது சைபர் மாதிரி இருக்கும், 10 யூனிட் 100 ஆகிவிடும். 5 என்றால் 5 தான், 5.0 வேண்டாம், புள்ளி மங்கினால் 50. அரை என்றால் 0.5, முன்னால் சைபர் இல்லாத .5 வேண்டாம். மருந்துப் பெயரைப் புரியும்படி, முடிந்தவரை கேப்பிடல் எழுத்தில், ஜெனரிக் பெயரில் எழுதச் சொல்லி இந்திய மருத்துவ கவுன்சிலே 2016-இல் விதியைத் திருத்தியது. டாக்டர்களே, நீங்கள் எழுதியது ஃபார்மசி தம்பிக்குப் புரிவது அவர் அனுபவத்தால், உங்கள் கையெழுத்தால் இல்லை.

மொழி பற்றி இன்னொன்று. மணலி, எண்ணூர் கம்பெனிகளிலிருந்து பீகார், ஒடிசாத் தம்பிகள் அடிபட்டு வருவார்கள். ஹிந்தியில் ‘கல்’ என்றால் நேற்றும் அதுதான், நாளையும் அதுதான். ‘கல் காயம் பட்டது’ என்றால் சரி, ஊகிக்கலாம். ‘கல் ஊசி’ என்றால் போட்டாயிற்றா, போடப் போகிறார்களா? தேதியைக் கேளுங்கள், காலண்டரைக் காட்டிக் கேளுங்கள். ராயபுரத்துத் தெலுங்குப் பாட்டிகளுக்கு எங்கள் ஹவுஸ்கீப்பிங் அக்காதான் மொழிபெயர்ப்பாளர். அவர் எந்த ஷிஃப்ட்டில் இருக்கிறார் என்பதும் எங்கள் தாளில் எழுதியிருக்கும்.

எட்டேகால் மணிக் கூட்டம்

தினமும் 8.15-க்கு, நின்றுகொண்டே, பத்து நிமிஷம். உட்கார நாற்காலி போட்டால் அரை மணி நேரம் ஆகும், நான் பார்த்திருக்கிறேன். வர வேண்டியவர்கள்: டூட்டி டாக்டர், ஒவ்வொரு வார்டு இன்சார்ஜ், ஐசியு, ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்), லேப், ஃபார்மசி, இன்சூரன்ஸ் டெஸ்க், ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். கடைசி இரண்டு பேரைப் பல இடங்களில் கூப்பிடுவதே இல்லை. ஒரு பெட் காலியாவது அவர்கள் கையில்தான் இருக்கிறது.

கேட்பது மூன்றே விஷயம். இன்று யார் போகிறார்கள், யார் வருகிறார்கள். யாரை நினைத்தால் பயமாக இருக்கிறது. எது இல்லை, அதாவது ரத்தமோ, ஆளோ, மிஷினோ. பேஷண்ட்டின் முழுக் கதையை யாராவது ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள், அதற்கு ரவுண்ட்ஸ் இருக்கிறது.

டிஸ்சார்ஜைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காலை ஏழுக்குக் கன்சல்டண்ட் ‘வீட்டுக்குப் போகலாம்’ என்று பேஷண்ட்டிடம் சொல்லிவிட்டுப் போவார். வீட்டில் மீன் குழம்பு வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். சம்மரி அடிக்க யாருக்கும் சொல்லவில்லை, மிச்ச மருந்து ரிட்டர்ன் போகவில்லை, முதல்வர் காப்பீட்டுத் திட்டத்து பேப்பரில் ஒரு கையெழுத்து பாக்கி, எல்லாம் முடிந்து கிளம்பும்போது சாயங்காலம் ஆறு. அந்தப் பெட்டுக்காக எமர்ஜென்சியில் ஒருவர் ஸ்ட்ரெச்சரிலேயே பகல் முழுக்கக் கிடப்பார். முதல் நாள் சாயங்காலமே ‘நாளைக்குப் போகலாம் போல’ என்ற லிஸ்ட்டை எடுங்கள், நைட் டூட்டி டாக்டர் சம்மரி டிராஃப்டை அடித்து வைக்கட்டும், இன்சூரன்ஸ் டெஸ்க்கும் முதல் நாளே பார்த்துக்கொள்ளட்டும். இந்த லிஸ்ட்டில் பாதிப் பேர் போகாமல் தங்கினாலும் பரவாயில்லை.

வார்டில் ஒரு வெள்ளைப் பலகை வையுங்கள், பெட் நம்பர், இன்றைய வேலை, யார், முடிந்ததா என்று மட்டும். நோயின் பெயரை அதில் எழுத வேண்டாம், விசிட்டர் நேரத்தில் எல்லோரும் படிப்பார்கள்.

ஆபரேஷன் லிஸ்ட் மாறினால்

அம்புக்குறி போட்டு, அடித்து, மேலே எழுதிய லிஸ்ட் ஆபத்து. மாறினால் புதுசாக எழுதி, மேலே மணி போட்டு, பழையதை எல்லா இடத்திலிருந்தும் வாங்கிக் கிழித்துப் போடுங்கள். நான் சொல்வது பெரிய தவறுகளைத் தடுக்க மட்டுமில்லை. முதல் கேஸ் என்று ராத்திரி பத்திலிருந்து பட்டினி கிடந்த ஆயா ஒருவர், லிஸ்ட்டில் கடைசிக்குத் தள்ளப்பட்டதை யாரும் வார்டுக்குச் சொல்லாததால் மறுநாள் சாயங்காலம் நான்கு மணி வரை ஒரு வாய் தண்ணீர் இல்லாமல் கிடந்தார். ‘இன்னாமா, காபித் தண்ணியாவது குடுங்கமா’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார், நாங்களும் ‘இதோ கூப்பிட்டுடுவாங்க’ என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். பொதுவாக லேசான திட உணவுக்கு 6 மணி நேரம், தெளிந்த தண்ணீருக்கு 2 மணி நேரம் இடைவெளி போதும். லிஸ்ட் மாறிய உடனே ஓ.டி. சிஸ்டர் வார்டுக்குப் போன் செய்திருந்தால், அனஸ்தீஷியா டாக்டரைக் கேட்டுவிட்டு அந்த ஆயாவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்திருக்கலாம். சுகர் பேஷண்ட்டை லிஸ்ட்டில் முதலில் போடுங்கள், தள்ளிப்போட வேண்டி வந்தால் வேறு யாரையாவது தள்ளுங்கள்.

ஓ.டி.க்குள் உலக சுகாதார நிறுவனத்தின் செக்லிஸ்ட் இருக்கிறது, 2008-இல் வந்தது, 19 வரி. எட்டு ஊர்களில், டெல்லியும் அதில் ஒன்று, செய்து பார்த்தபோது சாவு 1.5 சதவீதத்திலிருந்து 0.8-க்கு இறங்கியது. அதில் எல்லோரும் தன் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி உண்டு. ‘பத்து வருஷமா ஒண்ணா வேலை பாக்கறோம், என்னத்துக்கு’ என்று எங்கள் ஓ.டி.யில் சிரிப்பார்கள். நேற்று சேர்ந்த டெக்னீஷியன் வாய் திறக்கிறது அந்த ஒரு நிமிஷத்தில்தான். முதலில் ஒரு தடவை பேசிவிட்டவர், பிறகு இடது வலது தப்பாக இருந்தாலும் சொல்லிவிடுவார்.

வாட்ஸப்

வேண்டாம் என்று சொல்லிப் பிரயோஜனமில்லை, எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கிறது. எங்கள் விதிகளைச் சொல்கிறேன். குரூப்பில் வேலை ஏற்பாடு மட்டும்: யார் லீவ், எந்த மிஷின் ரிப்பேர், எத்தனை பெட் காலி. அவசரம் என்றால் போன்தான், மெசேஜ் கிடையாது. கட்டைவிரல் காட்டினால் அது பதிலாகாது, ‘நான் பார்க்கிறேன், 11 மணிக்குள்’ என்று எழுத வேண்டும். இசிஜி, எக்ஸ்ரே அனுப்ப வேண்டியிருந்தால் பெயரை மறைத்து, பார்க்க வேண்டிய ஒரு டாக்டருக்கு மட்டும் அனுப்பிவிட்டுப் போன் செய்து பெட் நம்பரைச் சொல்லுங்கள். அவர் சொன்ன பதில் கேஸ் ஷீட்டில் மணியோடு ஏறவில்லை என்றால் அவர் எதுவுமே சொல்லாத மாதிரிதான். அனுப்பிய படம் உங்கள் போன் கேலரியிலும் இருக்கும், வீட்டில் குழந்தை போனை நோண்டும்போது காயம் பட்ட கால் படம் வந்து நிற்கும். அழித்துவிடுங்கள். டிஜிட்டலில் இருக்கிற தனிநபர் தகவலுக்கு 2023-இல் சட்டமே போட்டிருக்கிறார்கள், பேஷண்ட் தகவலும் அதில் அடங்கும். வேலையை விட்டுப் போனவர்களை அன்றே குரூப்பிலிருந்து எடுங்கள், எங்கள் குரூப்பில் வளைகுடாவுக்குப் போன இரண்டு பேர் ஒரு வருஷம் இருந்தார்கள்.

ஸ்டான்லி, ஜி.எச். மாதிரி பெரிய அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது

‘ரெஃபர்டு டு ஹையர் சென்டர்’ என்று ஒரு வரி எழுதி ஆம்புலன்ஸில் ஏற்றிவிடாதீர்கள். ஏற்றும் முன் அங்கே எமர்ஜென்சிக்குப் பேசுங்கள், பேசியவர் பெயரையும் நேரத்தையும் எழுதுங்கள். கடிதத்தில் இருக்க வேண்டியது: எப்போது வந்தார், எப்படி இருந்தார், என்ன கொடுத்தோம், கடைசி டோஸ் எத்தனை மணிக்கு, எதற்காக அனுப்புகிறோம், அலர்ஜி, உங்கள் நேரடி போன் நம்பர். ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து கொடுத்திருந்தால் அதைக் கோடிட்டு எழுதுங்கள். ஸ்கேன் ஃபிலிமை அட்டெண்டர் கையில் கொடுங்கள், பின்னால் வரும் ஆட்டோவில் வைத்து மறந்துவிடுவார்கள் என்றால் ஆம்புலன்ஸில் கூடப் போகிற சிஸ்டரிடம். விபத்து கேஸ் என்றால் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி கூடப் போக வேண்டும்.

பக்கவாதம் என்றால் ஒரே ஒரு நேரம்தான் முக்கியம்: கடைசியாக நன்றாக இருந்ததை யார், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள். ‘காலைல அஞ்சு மணிக்கு எழுந்திரிக்க முடியல’ என்பது கண்டுபிடித்த நேரம். ராத்திரி பத்துக்கு நன்றாகப் பேசிவிட்டுப் படுத்தார் என்றால் கணக்கு பத்திலிருந்துதான். மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமாக நாலரை மணி நேரம்தான் கெடு, அதிலும் பாதியை எண்ணூர் ரோட்டு ட்ராஃபிக்கே தின்றுவிடும். அந்த மணியைக் கடிதத்தின் முதல் வரியில் எழுதுங்கள்.

குடும்பத்துக்குச் சொல்வது

காலையில் ஒரு டாக்டர் ‘பரவால்ல’ என்றார், மத்தியானம் இன்னொருவர் ‘கொஞ்சம் சீரியஸ்’ என்றார், சாயங்காலம் டெக்னீஷியன் ‘இதெல்லாம் நிறைய பாத்திருக்கோம்’ என்றார். அப்புறம் கேட்டில் கூட்டம் கூடினால் ‘இந்த ஏரியா ஜனங்களே இப்படித்தான்’ என்று சொல்கிறோம். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது, நானும் இந்த ஏரியாதான். குடும்பத்தில் ஒருவர், நம் பக்கம் ஒருவர், தினமும் ஒரே நேரம். எங்களுக்கு மத்தியானம் பன்னிரண்டு. என்ன சொன்னோம் என்பதைக் கேஸ் ஷீட்டில் இரண்டு வரி எழுதி வைப்போம், அடுத்த ஷிஃப்ட் டாக்டர் அதைப் படித்துவிட்டுத்தான் அவர்களிடம் வாய் திறப்பார்.

மழை நாள்

வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் எங்கள் டே ஷிஃப்ட்டில் பாதி வராது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் இதை நன்றாகவே பட்டோம். அதற்குப் பிறகு செய்வது: மழை எச்சரிக்கை வந்தால் முதல் நாள் ராத்திரியே வார்டு லிஸ்ட்டை இரண்டு காப்பி பிரிண்ட் எடுத்து ஒன்று ஸ்டேஷனில், ஒன்று செக்யூரிட்டியிடம். கரண்ட் போய் கம்ப்யூட்டர் நின்றாலும் யார் எந்தப் பெட்டில், யாருக்கு ஆக்சிஜன், யாருக்கு டயாலிசிஸ் என்று தெரிய வேண்டும். மாற்ற ஆள் வராவிட்டால் நைட் ஆள் தொடருவார், ஆனால் ஏழு மணிக்குத் தனக்குத்தானே ஒரு தடவை தாளைப் புதுப்பித்து இன்னொருவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். பதினாலு மணி நேரம் விழித்திருக்கிற மூளை ‘எனக்குத்தான் தெரியுமே’ என்று சொல்லும். அதை நம்பாதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆரம்பித்தால் ஒரு வாரத்தில் நின்றுவிடும். ஒரு வார்டு, இரண்டு வாரம், ஒரு தாள், திருப்பிச் சொல்வது, அவ்வளவுதான். அந்த இரண்டு வாரமும் இன்சார்ஜ் காலை ஏழுக்கும் ராத்திரி எட்டுக்கும் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும், குறுக்கே பேசாமல். வீட்டுக்குப் போன சிஸ்டருக்கு வார்டிலிருந்து எத்தனை போன் போகிறது என்று எண்ணி வாருங்கள். எங்களுக்கு ஆரம்பத்தில் தினம் நான்கைந்து போகும், ‘அந்த ரிப்போர்ட்டை எங்க வெச்சீங்க சிஸ்டர்’ என்று. இப்போது வாரத்துக்கு ஒன்று இரண்டு, அதுவும் பெரும்பாலும் பீரோ சாவி எங்கே என்று கேட்பதற்குத்தான்.